செருப்புக் காணிக்கை

அச்சமூட்டும் பழங்கதைகளைக் கேட்கும்போது நம்மில் சிலர் நடுங்குகிறோம். சிலர் மூடநம்பிக்கை என்று சிரித்து ஒதுக்குகிறோம். மூன்றாவது வழியொன்றும் உண்டு. அந்தக் கதையில் இறந்துபோனவர் யார், அவர் இறப்புக்குக் காரணமானவர் யார், அதன்பின் ஊரார் என்ன செய்தனர் என்று பொறுமையாக வினவுவதே அவ்வழி. அவ்வாறு வினவினால், பல பேய்க்கதைகள் ஒரு சமூகத்தின் மனச்சான்று எழுதி வைத்த குறிப்பேடுகளாகத் தெரியவரும். தாமிரபரணிப் பள்ளத்தாக்கு இத்தகைய குறிப்பேடுகள் நிறைந்த நிலம்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து தொடங்கலாம். ஆற்றின் ஒரு கரையில் அம்பாசமுத்திரமும் மறுகரையில் கல்லிடைக்குறிச்சியும் அமைந்துள்ளன. அக்கிரகாரத் தெருக்களாலும், அப்பளத் தொழிலாலும், முத்துசுவாமி தீட்சிதர் பாடிய இலட்சுமிவராகர் கோயிலாலும் பெயர்பெற்ற ஊர் இது. இவ்வூர் வயல்களுக்கு நீர் தரும் கன்னடியன் கால்வாயைப் பற்றி வழிவழியாக ஒரு கதை சொல்லப்படுகிறது. தீராத நோயுற்ற சேர மன்னன் ஒருவன் எள்ளினால் ஒரு பாவை செய்து, அதனுள் பொன்னும் மணியும் நிரப்பினான். அதைத் தானமாகப் பெறுபவனோடு மன்னனின் நோயும் போய்விடும் என்பது நம்பிக்கை. உள்ளூரில் எவரும் கை நீட்டவில்லை. கன்னட நாட்டிலிருந்து வந்த ஏழைப் பிரமச்சாரி ஒருவன் பெற்றுக்கொள்ள முன்வந்தான். பாவை உயிர்பெற்று அவனிடம் பேரம் பேசியது. தன் வழிபாட்டுப் பயனில் ஒரு பங்கை அதற்குக் கொடுத்து அவன் உயிர் தப்பினான். கிடைத்த செல்வத்தைத் தனக்கென வைத்துக்கொள்ள மனமின்றி, ஒரு பசு நடந்துசென்ற வழியே கால்வாய் வெட்டினான் என்று கதை முடிகிறது.

இனிமையாக முடியும் இக்கதையின் நடுவில் கொடிய எண்ணம் ஒன்று ஒளிந்திருக்கிறது. வலியவன் தன் துன்பத்தை எளியவன் தலையில் இறக்கிவைத்துவிடலாம். அதற்குக் கொஞ்சம் பொன் போதும் என்னும் எண்ணம் அது. கால்வாய்க் கதையில் அந்த எளியவன் பிழைத்துக்கொண்டான். ஆற்றின் வழியே மேற்கே மலையை நோக்கிச் சென்றால், பிழைக்காத ஒருவனின் கதை காத்திருக்கிறது.

காரையாற்றங்கரையில்

பாபநாசத்துக்கு மேலே, இன்று களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகமாக விளங்கும் காட்டுக்குள், காரையாற்றின் கரையில் சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்குத் தென்மாவட்டங்களிலிருந்து மக்கள் குடும்பம் குடும்பமாக இங்கே வந்து, காட்டில் குடில் அமைத்துத் தங்கி வழிபடுகின்றனர். கோயிலோடு பரம்பரை உரிமை கொண்ட சிங்கம்பட்டி ஜமீன்தார் அன்று அரச உடையில் காட்சி தருவது நெடுங்கால வழக்கமாக இருந்தது. 2020 மே மாதம் காலமான முருகதாஸ் தீர்த்தபதி இவ்வழக்கத்தைத் தம் முதுமையிலும் கைவிடவில்லை.

அவ்வளாகத்தில் பட்டவராயன் சன்னிதி என்று ஒன்று உண்டு. அங்கே பட்டவராயன் தன் இரு மனைவியரான பொம்மக்கா, திம்மக்காவோடு நிற்கிறான். அவனுக்கு மக்கள் செலுத்தும் நேர்த்திக்கடன் வியப்பானது. பூவோ பழமோ அன்று; செருப்பு. தோலினால் செய்த புதுச் செருப்புகளைக் கொண்டுவந்து கட்டித் தொங்கவிடுகின்றனர். மறு ஆண்டு வந்து பார்க்கும்போது அவை நடந்து தேய்ந்தவை போலிருக்கும் என்றும், இரவுகளில் பட்டவராயன் அவற்றை அணிந்து காட்டைக் காவல் காக்கிறான் என்றும் நம்புகின்றனர். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே செல்வதே இந்நாட்டு வழக்கம். இங்கோ செருப்பே காணிக்கையாக உள்ளே செல்கிறது. ஏன்?

விடை ‘முத்துப்பட்டன் கதை’ என்னும் வில்லுப்பாட்டில் இருக்கிறது. அரியநாயகிபுரத்துப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவன் முத்துப்பட்டன். அண்ணன்மாரோடு ஒத்துப்போகாமல் மலையாள நாடு சென்று வேலைபார்த்தான். அவனுக்கு மணமுடிக்க எண்ணிய அண்ணன்மார் அவனை அழைத்துவந்தபோது, மலைவழியில் அவர்களைப் பிரிந்து நீர் அருந்தச் சென்றான். அங்கே பொம்மக்கா, திம்மக்கா என்னும் சகோதரிகளைக் கண்டு காதல் கொண்டான். அவர்கள் மாடு காக்கும் வாலப்பகடையின் பெண்கள். இன்று அருந்ததியர் எனப்படும், தோல்தொழில் செய்த சமூகத்தைச் சேர்ந்தவர்கள். அண்ணன்மார் கெஞ்சினர், மிரட்டினர், அவனைப் பிடித்து அடைத்தும் வைத்தனர். அவன் தப்பி வந்து வாலப்பகடையின் முன் நின்றான்.

இந்த இடத்தில் கதை நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது. உயர்குலத்து மருமகன் கிடைத்தான் என்று வாலப்பகடை மகிழவில்லை; நிபந்தனை விதித்தான். குடுமியைக் களை, பூணூலை அறு, எங்களைப் போலத் தோலை அறுத்துச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொள், அதன்பின் பெண் தருகிறேன் என்றான். முத்துப்பட்டன் அத்தனையும் செய்தான். செருப்புத் தைத்து விற்றுக் காட்டினான். திருமணம் நடந்தது. ஆனால், மணக்கோலம் கலையுமுன்பே மாமனின் காவலிலிருந்த மாடுகளைக் கள்வர் கவர்ந்தனர். முத்துப்பட்டன் ஆயுதமேந்திச் சென்று போரிட்டு அவர்களை வீழ்த்தினான். களைத்துப்போய் நீரில் இறங்கிக் கை கழுவும்போது, மறைந்திருந்த ஒருவன் பின்னாலிருந்து குத்திக் கொன்றான். செய்தியறிந்த இரு பெண்களும் சிங்கம்பட்டி அரசனிடம் இசைவு பெற்றுக் கணவனின் சிதையில் ஏறினர்.

அவனைக் கொன்றது கள்வனின் ஆயுதம்தான். ஆயினும் பிறந்த வீடு அவனை அடைத்து வைத்ததையும், அதைத் துறந்தபின் அவனுக்கு இருந்தவை ஒரு காடும், ஒரு மாட்டுக் கிடையும், அவனை ஏற்றுக்கொண்ட எளிய மனிதர் சிலருமே என்பதையும் கேட்பவர் மறக்க இயலாதபடி பாட்டு சொல்லிவைத்திருக்கிறது.

நள்ளிரவில் ஒலிக்கும் வில்

இக்கதையை இன்றுவரை உயிரோடு வைத்திருப்பது கோயில் கொடை விழாக்களில் நிகழும் வில்லுப்பாட்டு. நீண்ட வில்லின் நாணில் மணிகள் கோத்திருக்கும். தலைமைப் பாடகர் வீசுகோலால் நாணைத் தட்டிப் பாடுவார். பக்கத்தில் குடமும் உடுக்கையும் தாளமும் கட்டையும் ஒலிக்கும். மாலையில் தொடங்கும் கதை மெல்ல மெல்ல நகர்ந்து, கொலை நிகழும் இடத்தை நள்ளிரவை ஒட்டித் தொடும். அப்போது பாட்டின் வேகம் கூடும். கோமரத்தாடி அருள் வந்து ஆடுவார். இறந்தவன் அந்நேரத்தில் ஊர் நடுவே திரும்பி வந்து நிற்கிறான் என்பது கூடியிருப்போரின் நம்பிக்கை.

தென்தமிழ்நாட்டு வில்லுப்பாட்டை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், வில்லில் பாடப்படும் தெய்வங்களை இரு வகையாகப் பிரித்துக் காட்டினார். கைலாயத்தில் தோன்றி மண்ணுக்கு இறங்கிவரும் தெய்வங்கள் ஒரு வகை. மண்ணிலே மனிதராகப் பிறந்து, கொடுஞ்சாவுற்று, அச்சாவின் வழியாகவே தெய்வமானோர் மற்றொரு வகை. முத்துப்பட்டன் இரண்டாம் வகையினன். இந்த இரண்டாம் வகைக் கதைகளில் சாதி கடந்த காதலும், அதற்காகச் சிந்திய இரத்தமும் திரும்பத் திரும்ப வருகின்றன. சின்னநாடான் கதையில், தாழ்ந்த குலத்தவள் எனப்பட்ட பெண்ணை விரும்பிய இளைஞனை அவன் உறவினரே கொல்கின்றனர். கொன்றபின் அஞ்சுகின்றனர், அஞ்சியபின் கும்பிடுகின்றனர்.

அயலானும் இந்த அச்சத்துக்கு விலக்கில்லை. 1841 முதல் இடையன்குடியில் பணியாற்றிய கால்டுவெல், திருநெல்வேலிச் சீமையில் ஓர் ஆங்கிலேயனுக்கு நடந்த வழிபாட்டைக் குறித்து வைத்திருக்கிறார். 1809 ஆம் ஆண்டு ஆரல்வாய்மொழியில் திருவிதாங்கூர் அரண்களைக் கும்பெனிப் படை கைப்பற்றியபோது போல் என்னும் படைத்தலைவர் படுகாயமுற்று இறந்தார். போர்க்களத்திலிருந்து ஏறத்தாழ 25 மைல் தொலைவில், ஒரு மணற்காட்டில் புதைக்கப்பட்டார். சுற்றுவட்டார மக்கள் அவர் கல்லறையில் சாராயமும் சுருட்டும் படைத்து வழிபட்டனர். உற்றார் இல்லாத மண்ணில், வயதாகுமுன் வாளுக்கோ குண்டுக்கோ இரையான உயிர் அமைதியுறாது என்று அவர்கள் எண்ணினர்; அவன் உயிரோடிருந்தபோது விரும்பியிருக்கக்கூடியதைக் கொடுத்துத் தணிக்க முயன்றனர்.

இதைக் கேட்டு நாம் புன்னகைக்கலாம். ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அநியாயமாகச் சிந்திய இரத்தம் மண்ணோடு மண்ணாக மறைந்துவிடாது என்னும் உணர்வு நமக்கும் புதிதன்று. ஆபேலின் இரத்தம் நிலத்திலிருந்து கூக்குரலிட்டதைத் திருவிவிலியத்தின் முதல் நூலே நமக்குச் சொல்லியிருக்கிறது. மணற்காட்டில் சுருட்டுப் படைத்தவர்கள் அக்குரலைக் கேட்டார்கள். எவ்வாறு விடை சொல்வதென்று அறியாமல், தங்களுக்குத் தெரிந்த வகையில் விடை சொன்னார்கள்.

மாற்றி எழுதப்பட்ட பிறப்பு

முத்துப்பட்டன் கதையில் இருள் மிகுந்த பகுதி கொலை நிகழும் இடம் என்றே நாம் நினைப்போம். அதைவிட இருண்ட பகுதி ஒன்று பின்னாளில் சேர்க்கப்பட்டது.

நாங்குநேரியில் பிறந்து, நாட்டார் வழக்காறுகளைத் திரட்டி ஆராய்வதில் வழிகாட்டியாக விளங்கிய பேராசிரியர் நா. வானமாமலை (1917–1980) 1971 இல் இக்கதைப் பாடலைப் பதிப்பித்தார். கதைக்கு வேறுபட்ட வடிவங்கள் வழங்குவதை அவர் கவனித்தார். ஒரு வடிவத்தில் பொம்மக்காவும் திம்மக்காவும் வாலப்பகடைக்குப் பிறந்த பெண்கள். மற்றொரு வடிவத்திலோ, அவர்கள் பிராமணத் தாய்க்குப் பிறந்து காட்டில் கைவிடப்பட்டவர்கள், வாலப்பகடை கண்டெடுத்து வளர்த்தான், அவ்வளவே. இரண்டாவது வடிவம் பிற்காலத்தில் புகுத்தப்பட்டது என்பது வானமாமலையின் முடிவு. சாதியை மீறிய ஒரு திருமணத்தை மக்கள் தெய்வமாக்கிக் கொண்டாடுவதைப் பொறுக்காதவர்கள் பெண்களின் பிறப்பையே மாற்றிவிட்டனர். அந்த மாற்றத்தால் மீறல் மறைந்தது. பட்டன் தன் குலத்திலேயே பெண் கொண்டவன் ஆகிவிட்டான்.

எவ்வளவு நுட்பமான கொலை! கள்வன் முதுகில் குத்தினான், உடல் விழுந்தது. கதையை மாற்றியவர்களோ, அவன் எதற்காக வாழ்ந்தானோ அதையே குத்திச் சாய்க்க முயன்றனர். இரத்தம் சிந்தாத, சத்தமில்லாத, எந்த ஊரும் அஞ்சி விளக்கேற்றாத கொலை அது.

ஆயினும் அவர்களால் ஒன்றை மட்டும் மாற்ற முடியவில்லை. ஆடிதோறும் மலையேறிச் செல்லும் எளிய மக்கள் செருப்பைக் கொண்டுசெல்வதை நிறுத்தவில்லை. பெண்கள் எங்கே பிறந்தனர் என்று ஏடு எப்படிச் சொன்னாலும், பூணூலை அறுத்தவன் தன் கையால் தைத்த செருப்பு அந்தச் சன்னிதியில் தொங்கிக்கொண்டே இருக்கிறது. எழுத்தை மாற்றலாம், காணிக்கையை மாற்றுவது எளிதன்று. ஒரு சமூகம் மறைக்க விரும்பிய உண்மைக்கு, அச்சமூகம் தொடத் தயங்கிய பொருளே சாட்சியாகி நின்றது.

நம் வீட்டுச் சுவர்

இது பிறர் சமயத்தின் கதை என்று நாம் ஏட்டை மூடிவிட முடியாது. இதே நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் இருக்கிறது. 1745 மே 14 இல் திருவிதாங்கூர் அரசு அலுவலர் நீலகண்டன், சேசுசபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனது அவ்வூரில்தான். எல்லாக் குலத்தவரோடும் வேறுபாடின்றிப் பழகியது அவர்மீது சினமூட்டிய காரணங்களுள் ஒன்று. ஆண்டுக்கணக்கில் வதைக்கப்பட்டபின், 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆங்கிலப் படைத்தலைவர் போல் வீழ்ந்த அதே கணவாய்ப் பகுதி. 57 ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்ச்சி. அவர் உயிர் பிரிந்தபோது மலைப்பாறை ஒன்று விழுந்து மணியோசை எழுப்பியது என்று மக்கள் இன்றும் சொல்கின்றனர். 2022 மே 15 இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அந்தப் புனிதர் திருமுழுக்குப் பெற்ற ஊரில், அவர் இறந்து நூறாண்டுகளுக்கு மேல் கழிந்தபின், சாதிக்கு ஒரு பக்கமாக மக்கள் பிரிந்து நின்று திருப்பலி காணும்படி இரு கூடங்களாக ஓர் ஆலயம் எழுந்தது. ஒரே பீடம், ஒரே அப்பம், நடுவே தடுப்பு. 1910 இல் அத்தடுப்பு அகற்றப்பட்டபோது, அதை மீண்டும் வேண்டி நீதிமன்றம் சென்றவர்களும் கிறிஸ்தவர்களே. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று. ஆலயத்துக்குள் சாதிக்கெனத் தனி இடம் கோரும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. திருச்சபைக்குள் கேட்டிருக்க வேண்டிய தீர்ப்பை ஓர் அயல் அரசின் நீதிமன்றத்தில் கேட்க நேர்ந்தது நம் வரலாற்றின் துயரங்களுள் ஒன்று.

தேவசகாயத்தின் பெயரிலும் இதே போராட்டம் தொடர்ந்தது. அவர் பெயருக்குப்பின் நெடுங்காலம் ஒரு சாதிப்பெயர் வழங்கிவந்தது. புனிதர் பட்டத்துக்கு முன், 2020 இல், அப்பெயரைத் திருச்சபை தன் ஆவணங்களிலிருந்து நீக்கியது. அதற்கும் எதிர்ப்பு எழாமலில்லை. முத்துப்பட்டன் கதையில் பெண்களுக்கு ஒரு சாதியை ஒட்டவைத்தனர். இங்கோ மறைசாட்சியின் பெயரில் ஒட்டியிருந்த சாதி கழற்றப்பட்டது. முன்னது கதையை இருட்டாக்கியது. பின்னது காலம் தாழ்ந்தேனும் ஒரு சாளரத்தைத் திறந்தது.

வெறுங்கால்

கொலையுண்டவரின் கல்லறை முன் குற்றமுள்ளோர் எவ்வாறு நிற்க வேண்டும் என்பதற்கு ஐரோப்பிய வரலாற்றில் ஒரு காட்சி உண்டு. 1170 திசம்பர் 29 அன்று காண்டர்பரிப் பேராலயத்துக்குள்ளேயே பேராயர் தாமஸ் பெக்கட் வெட்டிக் கொல்லப்பட்டார். வெட்டியவர்கள் இரண்டாம் என்றி மன்னனின் வீரர்கள். மன்னன் கையில் வாளெடுக்கவில்லை. அவன் சினத்தில் கொட்டிய சொற்களே வாளாயின. 1173 இல் தாமஸ் புனிதராக அறிவிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு என்றி மன்னன் காலணி களைந்து, வெறுங்காலோடு காண்டர்பரித் தெருக்களில் நடந்துசென்று, கல்லறை முன் விழுந்து, துறவிகளின் கசையடியை ஏற்றான். அதில் அரசியல் கலந்திருந்தது என்று வரலாற்றாசிரியர் சொல்லக்கூடும். ஆயினும் ஒரு பேரரசன் தன் குற்றத்தைத் தன் குடிகளின் கண்முன் ஒப்புக்கொண்டான். எள்ளுப் பாவை செய்து அதை எவன் தலையிலும் இறக்கிவைக்கவில்லை.

கொடைக்கும் மனவருத்தத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. கொன்றவனைச் சும்மா விடாதே என்று ஆவி கேட்பதாக எண்ணி, ஊர் அதற்குப் படையல் இடுகிறது, அச்சம் தணிகிறது, மறுநாள் ஊர் பழையபடியே நடக்கிறது. மனவருத்தம் அப்படி முடிவதில்லை. அது ஊரின் நடையை மாற்றக் கேட்கிறது. நம் மறைசாட்சிகளுக்கு நாம் எடுக்கும் திருவிழாக்களும், ஊரின் நடை மாறாவிட்டால், கொடையாகவே நின்றுவிடும். தேர் ஊர்வலம் எந்தத் தெருவுக்குள் போகலாம், எந்தத் தெருவுக்குப் போகக் கூடாது என்ற பேச்சு எழும்போதெல்லாம், வடக்கன்குளத்துத் தடுப்பு வேறொரு வடிவில் மீண்டும் எழுகிறது.

இது கடந்தகாலத்துக் கணக்காக மட்டும் இருந்திருந்தால் எவ்வளவு நன்று! 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், பலர் பார்த்திருக்க, சாதி கடந்து மணந்த ஓர் இளைஞன் வெட்டிக் கொல்லப்பட்டான். 2025 சூலையில், பள்ளிகளாலும் ஆலயங்களாலும் பெயர்பெற்ற நம் பாளையங்கோட்டையிலேயே, சாதி கடந்த அன்பின் பொருட்டு மற்றோர் இளைஞன் உயிரிழந்தான். முத்துப்பட்டனின் காலத்திலாவது கொன்றவர்கள் காட்டில் ஒளிந்திருந்தனர்.

கார்த்திகை பிறக்குமுன் வரும் நவம்பர் 2 ஆம் நாள் நாம் கல்லறைத் தோட்டங்களுக்குச் செல்கிறோம், மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம், மரித்த நம் உற்றாருக்காக மன்றாடுகிறோம். அவ்வேளையில் நமக்கு உற்றாரல்லாத சிலரையும் நினைத்துக்கொள்வது நல்லது. எந்தக் குடும்பம் மறைத்துப் புதைத்ததோ அந்த மகளை. எந்த ஊர் பெயர் சொல்லத் தயங்குகிறதோ அந்த மகனை. நம் கல்லறைத் தோட்டத்திலேயே நடுவில் ஒரு சுவர் ஓடுமானால், அதன் அப்பக்கமும் சென்று ஒரு விளக்கை வைத்துவிட்டு வரலாம். காரையாற்றங்கரையில் எழுத்தறியாத மக்கள் ஏட்டைத் திருத்தியவர்களோடு வாதிடவில்லை. ஒரு சோடிச் செருப்பை மட்டும் கொண்டுபோய் வைத்தார்கள், உண்மை பிழைத்துக்கொண்டது.